நான் தின்று காட்டிய அறிக்கை

என் பணிக்காலத்தில் எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் ஊரார் முன்னால் உட்கார்ந்து தின்று காட்ட வேண்டியிருந்தது. காகிதத்தைச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். சொல்கிறேன்.

சேலத்திலிருக்கும் நம் மண் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது, நான் இருந்த காலத்தைவிடக் கருவிகளும் சமர்த்தாகிவிட்டன. நம்மில் எத்தனை பேர் சமர்த்தாகியிருக்கிறோம் என்பதுதான் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வாய் அப்படி. இந்த வாயோடுதான் இத்தனை வருடம் இங்கே காலம் தள்ளினேன்.

திருச்செங்கோடு போகும் வழியில் ஒரு சிற்றூர். அங்கே பாவாயி அம்மாள் என்று ஒருவர், கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் செய்துகொண்டிருந்தார். அவர் நிலத்தின் கீழோரமாக ஒரு வாய்க்கால். மேலே எங்கோ இருந்த ஒரு சாயப்பட்டறையின் கழிவு ஒரு காலத்தில் அதில்தான் ஓடியது. பட்டறையை மூடிப் பல வருடமாகிவிட்டது. வாய்க்காலில் புல் முளைத்து ஆடு மேய்கிறது. ஆனாலும் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவர்கள் மறப்பார்களா? பாவாயி அம்மாள் வயல் காயை யாரும் வாங்குவதில்லை. அவர் வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூட வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள்.

அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாத ஒன்று வந்தது. பேத்தியின் காதுகுத்துக்கு நாள் வைத்தார்கள். மருமகளின் அப்பா, அதாவது பாவாயி அம்மாளின் சம்பந்தி, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவர் வந்து சொன்னாராம்: மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவோம், சீர் குறையில்லாமல் செய்வோம், ஆனால் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டவுனில் மெஸ்ஸில் சொல்லி வைத்துவிட்டேன்.

நம் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் விசேஷத்துக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பாவாயி அம்மாள் பஸ் ஏறி நம் ஆய்வகத்துக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டு, மண்ணைப் பரிசோதித்துக் கொடுங்கள் என்று கேட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சம்பந்தியிடமும் சவால் விட்டு வந்திருக்கிறார். நல்ல மண் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் சாப்பிட வேண்டும். அவரும் சரி என்றிருக்கிறார்.

"என்ற ஊட்டு இலையில அவுங்க கை வெக்கோணும் சாமி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார்.

எங்கள் தலைவர் உடனே வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். காதுகுத்துக்கு அதிக நாளில்லை. என்னோடு வேலை பார்த்த குமரவேல் வண்டி எடுத்துக்கொண்டு போய் வயலில் பல இடங்களில் மண் தோண்டிப் பைகளில் போட்டு வந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, திரும்பி வரும் வழியில், வாய்க்கால் பக்கமே போகாத வேறொருவர் நிலத்திலிருந்தும் ஒரு பை. கெட்டிக்காரர், கை வேகம், வாய் அதைவிட வேகம். இன்று அவர் பெரிய பதவியில் இருக்கிறார். இதை நான் சொல்வது தெரிந்தால் சிரிப்பார்.

மண் வந்த அன்று நான் விடுப்பு. பைகளைப் பிரித்து, மண்ணை உலர்த்தி, சலித்து, எண் போட்டு வைத்தவர் எங்கள் உதவியாளர் மாரிமுத்து. மறுநாள் நான் வந்து பார்த்தபோது எல்லாம் வரிசையாக இருந்தது. மாரிமுத்துவின் மேசைக்கு மேலே அவர் மாட்டியிருந்த முனியப்பன் படத்துக்குக் கீழே, மடித்து அடுக்கிய மஞ்சள் துணிகள் சில புதிதாக இருந்தன. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். நான் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கும்போது அவர் ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. அவர் சாமி காரியத்தில் நான் மூக்கை நுழைப்பானேன்? ஒரு வாரம் அந்தத் துணிகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

நம் வேலையில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மண்ணில் சாயம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. இருந்தால், மண்ணோடு என்ன உறவில் இருக்கிறது என்பது மீதிப் பாதி. களிமண்ணும் இலைதழை மக்கிய மண்ணும் சில பொருள்களை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு எங்கும் விடாது. சிலவற்றை அடுத்த மழைக்கே கிணற்றுக்கு அனுப்பி வைத்துவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மண்தான். ஒளியைப் பாய்ச்சினால் வித்தியாசம் தெரியும். தனியாக இருக்கிற சாயம் பளிச்சென்று ஒளிரும். மண்ணைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்காகக் கிடக்கிற சாயம் மங்கிப் போயிருக்கும், திரைக் கோட்டில் அது எழுப்பும் முகடும், நாம் பீக் என்கிறோமே அதுவும், சற்றுத் தள்ளி நிற்கும்.

குமரவேல் மண் பொடியைக் கருவியில் வைத்தார். பீக் வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்? திரை முழுக்கக் கோபுரம் மாதிரி நின்றது. பாவாயி அம்மாள் வயலின் எந்த மூலையில் எடுத்த மண்ணாக இருந்தாலும் அதே பீக். வழியில் எடுத்த வேற்று நிலத்து மண்ணில் ஒன்றுமில்லை.

"முடிஞ்சுது மேடம். சாயம்தான்" என்றார் குமரவேல். மத்தியானத்துக்குள் அறிக்கையும் தட்டச்சாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. சந்தேகப்பட்ட வயலில் இருக்கிறது, சந்தேகப்படாத வயலில் இல்லை. வேறென்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்து பாவாயி அம்மாளிடமிருந்து போன். குமரவேல் எடுத்து, "வந்துருச்சுங்க, ரிசல்ட்டு..." என்று ஆரம்பித்ததும் நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கின வேகத்தில் அவர் விரலில் என் நகம் கீறிவிட்டது. இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

"என்ன மேடம் பாக்கணும்?" என்று குமரவேல் கேட்டார். கோபம் இருந்தது, இருக்காதா பின்னே.

எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த பீக் ரொம்ப அழகாக இருந்தது, அதுதான் என் சந்தேகம். பல வருடம் மண்ணுக்குள் கிடந்து, வெயிலிலும் மழையிலும் புழுவிலும் வேரிலும் அடிபட்ட சாயம் இப்படியா இருக்கும்? நேற்று வந்த விருந்தாளி மாதிரி குளித்து முழுகிப் பளிச்சென்று நின்றது. மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன், தண்ணீரில் அது இறங்கவேயில்லை. ஆல்கஹாலில் போட்டதும் உடனே இறங்கி வந்தது. பழைய சாயமாக இருந்தால் மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும். புதிதாக வந்த பட்டறைச் சாயமாக இருந்தால் தண்ணீரில் கரைய வேண்டும். இது இரண்டிலும் சேரவில்லை.

தலைவரிடம் போனேன். அவர் அறையிலும் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஊராட்சியிலிருந்து கேட்கிறார்கள், மேலிடத்திலிருந்தும் கேட்கிறார்கள். என் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் குமரவேலின் அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு, இதில் எந்த வாக்கியம் தப்பு என்று கேட்டார். எதுவும் தப்பில்லை என்றேன். பிறகு ஏன் கையெழுத்துப் போடவில்லை என்றார். இது எந்தச் சாயம் என்று எனக்குத் தெரியவில்லை, பெயர் தெரியாத ஆளைக் குற்றவாளி என்று எழுத மனசு வரவில்லை என்றேன். "சரிம்மா. போன நான் பாத்துக்கறேன், நீ மண்ணப் பாரு" என்றார். எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் அவரைப் போல ஒருவர் உங்களுக்கும் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை. ஆல்கஹாலில் இறங்கியது ஒரு கண்ணாடிக் குழாயில் மீதி இருந்தது. காரம் சேர்த்தால் பீக் நகர்கிறதா பார்க்கலாம் என்று ஒரு சொட்டு விட்டேன். வெளிர் மஞ்சளாக இருந்த குழாய் ஒரு நொடியில் சிவந்துபோனது.

குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். குமரவேல் எட்டிப் பார்த்தார். மாரிமுத்துவும் வந்து பார்த்தார். இந்தச் சிவப்பை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை. மணமக்கள் வாசலில் வந்து நின்றதும் தாம்பாளத்தில் கரைத்துச் சுற்றுகிற சிவப்பு அது. மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் வருகிற சிவப்பு.

"ஆலாத்தித் தண்ணி" என்றேன்.

குமரவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். வயல் முழுக்க மஞ்சள் எப்படி வந்தது? பாவாயி அம்மாளுக்குப் போன் போட்டு, வயலில் மஞ்சள் பயிரிட்டதுண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். தண்ணீரில் கலந்து தெளித்தீர்களா? இல்லை. பிறகு எங்கிருந்தம்மா வந்தது மஞ்சள் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

"மண்ணு மஞ்சத்துணியிலதானுங்களே வந்துது" என்றார் அவர், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. "அந்தத் தம்பி எளநி குடிக்கப் போனப்ப நாந்தானுங்க பையப் பிரிச்சு ஒவ்வொண்ணையும் துணியில முடிஞ்சு மறுக்காப் பைக்குள்ளயே வெச்சேன். மாரியாத்தாள வேண்டிக்கிட்டுத் துணிய மஞ்சத்தண்ணியில நனைச்சு முடிஞ்சனுங்க. நல்ல சேதி கேக்கப் போற மண்ண வெறும் காயிதப் பையிலயா அனுப்பறது?"

நான் மெதுவாகத் திரும்பினேன். முனியப்பன் படத்துக்குக் கீழே துணிகள் அடுக்காக இருந்தன. மாரிமுத்து அதற்குள் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். வேண்டுதல் துணி மேடம், குப்பையில் போடலாமா, பாவமில்லையா, அதனால்தான் சாமி காலடியில் வைத்தேன் என்றார். மண்ணோடு வந்தது என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறார். அதுவும் உண்மைதான். அவர் பக்தி துணியைக் காப்பாற்றியது, என் மரியாதை என் வாயை மூடியது. ஒரு துணுக்கை வெட்டி ஆல்கஹாலில் போட்டுக் கருவியில் வைத்தோம். அதே கோபுரம் வந்து நின்றது.

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். குமரவேல் தான் தட்டச்சு செய்த அறிக்கையை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்துவிட்டு, "மேடம், அந்தம்மா கிட்ட நான் சொல்லியிருந்தா?" என்றார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்றே நானும் குமரவேலும் வயலுக்குப் போனோம். இம்முறை நான் பைகளைக் கண்ணை விட்டு எடுக்கவில்லை. இளநீர் கொடுத்தார்கள், மண் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தேன். கிணற்றுத் தண்ணீர், பறித்த காய், வயல் மண் எல்லாவற்றையும் எடுத்து வந்து, அகச்சிவப்பிலும் ஒளிர்விலும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். வயலில் காய் விளைகிற கிணற்று மேட்டில் ஒன்றுமில்லை. தண்ணீரில் இல்லை, காயிலும் இல்லை. ஆனால் வாய்க்கால் ஓரத்துக் கீற்றில் பழைய சாயம் இருந்தது. மங்கலாக, தள்ளி நின்ற பீக்கோடு, நான் எதிர்பார்த்த அதே வயசான முகத்தோடு. களிமண் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தது. குலுக்கினாலும் தண்ணீரில் இறங்கவில்லை.

இப்போது வந்தது உண்மையான சங்கடம். அறிக்கை வாங்க வந்த பாவாயி அம்மாளிடம், மேட்டு நிலம் நன்றாக இருக்கிறது, வாய்க்கால் ஓரத்தில் மட்டும் உண்ணும் பயிர் வைக்காதீர்கள், இரண்டையும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அந்த ஒரு வரிய உட்டுருங்க சாமி" என்றார். "அங்க நான் ஒண்ணுமே வெக்கறதில்லீங்க. அத எழுதுனா எங்க சம்பந்தி அதையே புடிச்சுக்குவாருங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வரியை விட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, அந்தக் கீற்றில் அவர் எதுவும் விதைக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். குமரவேல் வேறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் முடியாது என்றேன். அவர் காகிதத்தை வாங்கி முந்தானையில் சுருட்டிக்கொண்டு நடந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, காதுகுத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்துவிட வேண்டும் என்றார். கோபத்திலும் அழைப்பை மறக்காத ஊர் நம் ஊர்.

போனோம். குழந்தை மாமன் மடியில் வீறிட்டு அழுது, காது குத்தி, சர்க்கரை வாயில் போட்டு அடங்கியது. பந்தி போட்டார்கள். சம்பந்தி தன் ஆட்களோடு வந்து உட்கார்ந்தார். மெஸ்ஸுக்குப் போகிற வேன் வெளியே தயாராக நின்றது. எனக்கு அவர் எதிர் வரிசையில் இலை. சோறு விழுந்தது, சின்ன வெங்காயச் சாம்பார் விழுந்தது, அவரைப் பொரியல், கடைசியாக வாளி நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு. எல்லாம் பாவாயி அம்மாள் வயலில் விளைந்தது. யாரும் இலையைத் தொடவில்லை. பாவாயி அம்மாள் வாளியைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றார்.

சம்பந்தி, பாவாயி அம்மாள் கொடுத்திருந்த அறிக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். வாய்க்கால் ஓரத்தில் சாயம் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது, அதனால்தான் போட்டிருக்கிறேன் என்றேன். இந்தக் கத்தரிக்காய் எங்கே விளைந்தது என்றார். கிணற்று மேட்டில், நானே செடியைப் பார்த்தேன் என்றேன். அவர் காகிதத்தை மடித்தார்.

"அப்ப நீங்க மொதல்ல கை வெய்யுங்க அம்மணி" என்றார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. பிடிக்காது என்றால் சாதாரணமாக இல்லை. சின்ன வயதில் அம்மா அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கல்யாணமான பிறகு என் வீட்டுக்காரரும் முயற்சி செய்து ஓய்ந்துவிட்டார். அந்தப் பந்தியில் சாம்பாரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் கண்ணும் இலையில் ஒதுங்கியிருந்த அந்தக் கத்தரிக்காயின் மேல் இருந்தது. நான் அதை ஒதுக்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் உலகத்தில் எவன் நம்புவான்?

சோற்றில் கத்தரிக்காயை நன்றாகப் பிசைந்தேன். வாயில் போட்டேன். மென்றேன். விழுங்கினேன். பாவாயி அம்மாளைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் கத்திரிக்கா போடுங்கம்மா" என்றேன். பக்கத்தில் குமரவேல் என்னைப் பேய் பார்த்த மாதிரி பார்த்தார். ஆய்வக உணவறையில் என்னோடு உண்டவர், அவருக்குத் தெரியும்.

சம்பந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்தார். சோற்றைப் பிசைந்தார். அவர் கை வாய்க்குப் போனதும் வரிசை முழுக்கக் கைகள் இலைக்கு இறங்கின. பாவாயி அம்மாள் வாளியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன், காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். வெளியே நின்ற வேன் டிரைவரையும் கூப்பிட்டு அடுத்த பந்தியில் உட்கார வைத்தார்கள்.

கை கழுவுகிற இடத்தில் சம்பந்தியிடம் கேட்டேன், நேற்று வரை நம்பாதவர் இன்று எப்படி நம்பினீர்கள் என்று. "கெட்டத மறைக்காம எழுதீருக்கீங்களே. அப்ப நல்லதும் நெசமாத்தான் இருக்கோணும்" என்றார். பாவாயி அம்மாள் விடச் சொல்லிக் கெஞ்சிய அந்த ஒரு வரியைத்தான் அவர் சொன்னார்.

இனி உங்கள் மேசைக்கும் அறிக்கைகள் வரும். பக்கத்தில் போன் அடிக்கும். பீக் அழகாக நிற்கும். எல்லா வாக்கியமும் சரியாகவே இருக்கும். பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம் அந்தப் பந்தியில் என் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாருங்கள். கை இலைக்குப் போனால் கையெழுத்துப் போடுங்கள். போகவில்லையென்றால் எழுந்து போய்த் திரும்ப மண் எடுத்து வாருங்கள், மேலிடம் காத்திருக்கட்டும்.

பாவாயி அம்மாள் இன்றும் சேலம் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வராமல் போவதில்லை. வெறுங்கையோடு வருவதும் இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து, மேட்டு நிலத்துக் கத்தரிக்காய், மடி கொள்ளாமல் கொண்டு வருவார். எனக்கு உயிர் அது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். என் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று சிரிப்பார். நான் மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன்.